வலி குறைந்தால் மனம் நிறையுமா? இடுப்பு நரம்பு அறுவையும் நோயாளியின் திருப்தியும்

முதுகெலும்பு அறுவை செய்துகொண்டவர்களிடம் சில மாதங்கள் கழித்து ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்வது பல நாடுகளில் வழக்கம். வட அமெரிக்க முதுகெலும்புச் சங்கத்தின் பெயரால் அறியப்படும் திருப்திக் கேள்விக்கு நான்கே பதில்கள். அறுவை என் எதிர்பார்ப்பை நிறைவேற்றியது என்பது முதலாவது. எதிர்பார்த்த அளவு குணமில்லை, ஆனாலும் இதே பலனுக்காக மறுபடி செய்துகொள்வேன் என்பது இரண்டாவது. ஓரளவு உதவியது, ஆனால் மறுபடி செய்துகொள்ள மாட்டேன் என்பது மூன்றாவது. முன்பிருந்தபடியேதான் இருக்கிறேன், அல்லது மோசமாகிவிட்டேன் என்பது நான்காவது. ஆய்வுகளில் முதல் இரண்டையும் கூட்டித்தான் 'திருப்தி' என்று எழுதுவது வழக்கம்.

இரண்டாவது பதிலைச் சொன்னவர் ஒரு வகையில் ஏமாந்தவர். நினைத்தது கிடைக்கவில்லை, கிடைத்தவரை லாபம் என்கிறார். நூற்றுக்கு எண்பது பேர் திருப்தி என்று ஒரு கட்டுரை சொன்னால், அந்த எண்பதில் மனம் நிறைந்தவர் எத்தனை பேர், ஏமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டவர் எத்தனை பேர் என்பது அந்த ஒற்றை எண்ணிலிருந்து தெரியாது.

எல்லா அறுவைக்கும் பொருந்தும் இந்தச் சிக்கல், இடுப்பு வலிக்காகச் செய்யப்படும் ஒரு சிறிய அறுவையில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கடந்து பிட்டத்துத் தோலுக்கு இறங்கும் குளூனியல் நரம்புகள் வழியில் இறுகிப்போய் வலி தருவதும், அந்த இறுக்கத்தை விடுவிப்பதும்தான் இங்கே பேசப்போகும் விஷயம். இந்த அறுவையில் நோயாளியின் திருப்தி பல ஊற்றுகளிலிருந்து வருகிறது. வலி குறைவது அவற்றில் ஒன்று மட்டுமே.

படத்தில் விழாத வலி

இடுப்பு வலி உலகில் மிக அதிகமானோரை முடக்கும் நோய்களுள் ஒன்று. 2020இல் 61.9 கோடிப் பேருக்கு இது இருந்ததாகவும், 2050க்குள் 84.3 கோடியைத் தொடும் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பெரிய கூட்டத்துக்கு மருத்துவம் நெடுங்காலமாக ஒரே திசையைத்தான் சுட்டிக் காட்டியது. 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், பிதுங்கிய டிஸ்க் நரம்பு வேரை அழுத்துவதே கால் வரை இழுக்கும் வலிக்குக் காரணம் என்று காட்டினார்கள். அன்று தொடங்கிய டிஸ்க்கின் ஆட்சியை எம்.ஆர்.ஐ. இயந்திரம் மேலும் உறுதியாக்கியது.

ஆனால் படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமல்ல. இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 1994ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், எல்லா டிஸ்க்குகளும் சரியாக இருந்தவர்கள் 36 விழுக்காடுதான். பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதாவது ஓரிடத்தில் டிஸ்க் உப்பியிருந்தது. இதன் மறுபக்கமும் உண்டு. வலிக்கு உண்மையான காரணமாக இருந்தும் படத்தில் விழாதவை இருக்கின்றன. குளூனியல் நரம்பு அந்த வகை. அதன் தடிமன் ஓரிரு மில்லிமீட்டர்தான். முதுகெலும்புக்கு வெளியே, தசையுறைக்கும் எலும்புக்கும் இடையே ஓடுவதால் வழக்கமான எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட வராது.

இந்த நரம்பைப் பற்றிய பேச்சு புதிதல்ல. 1957இலேயே ஸ்ட்ராங், டாவிலா இருவரும் இதைத் தனி வகை இடுப்பு வலியாக விவரித்தார்கள். பிரான்சின் ழான்-இவ் மெஞ்ஞும் அவருடைய குழுவினரும் 1989இல் 37 உடற்கூறு அறுப்புகளில் இந்த நரம்பின் பாதையை வரைந்து காட்டினார்கள். நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் தள்ளி, இடுப்பெலும்பின் விளிம்பில், எலும்பும் நாரும் சேர்ந்த ஒரு குறுகிய கால்வாய்க்குள் நரம்பின் உட்கிளை நுழைகிறது. அங்கேதான் அது இறுகக்கூடும். 1997இல் மெஞ்ஞ் குழுவினர் 19 பேருக்கு அறுவை செய்து, குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வெளியிட்டார்கள்.

பிறகு இதைத் தீவிரமாக எடுத்துச் சென்றவர்கள் ஜப்பானியர்கள். வட தீவான ஹொக்கைடோவில் உள்ள குஷிரோ ரோசாய் மருத்துவமனையின் நரம்பியல் அறுவை மருத்துவர் இசு தொயோஹிகோ, சிபாவில் பணியாற்றும் கிம் கியோங்சோங் ஆகியோரின் குழு தொடர்ந்து எழுதிவருகிறது. யோக்கஹாமாவின் குனியா, ஆவோட்டா குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அதிகமாக மேற்கோள் காட்டப்படுகிறது. இடுப்பு வலி, கால் தொல்லை என்று வந்த 834 பேரில் 113 பேருக்கு, அதாவது 14 விழுக்காட்டினருக்கு, மேல் குளூனியல் நரம்புக் கோளாறு இருப்பதாகச் சந்தேகிக்க இடமிருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கால்வரை வலியோ மரமரப்போ இருந்தது. டிஸ்க் என்று தவறாக முடிவுகட்ட இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் இது ஒரு சிறப்பு மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு. தெருவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களில் எழுவரில் ஒருவருக்கு இதுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டைவிரலும் ஊசியும்

இந்த நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கையால்தான். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, மருத்துவர் இடுப்பெலும்பின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே வருவார். நடுக்கோட்டிலிருந்து சுமார் 7 சென்டிமீட்டரில் கட்டைவிரலை ஊன்றி அழுத்துவார். அந்த நரம்புதான் குற்றவாளி என்றால், நோயாளி தன் வழக்கமான வலி அப்படியே கிளம்புவதாகச் சொல்வார். சிலருக்கு அது பிட்டத்திலும் தொடையிலும் பாயும். எழுந்திருக்கும்போது, படுக்கையில் புரளும்போது, நெடுநேரம் நிற்கும்போது, பின்பக்கம் வளையும்போது வலி கூடுவதாக ஏற்கெனவே சொல்லியிருப்பார். இதுவரை சொன்னது மேல் குளூனியல் நரம்பு. நடுக் குளூனியல் நரம்பு என்றால் இடம் சற்றுக் கீழே, இடுப்பெலும்பின் பின்முனைக்கு அடியில். அங்கே அது கடக்கவேண்டியது சாக்ரோ-இலியாக் மூட்டின் பின்புற நாரை.

அடுத்தது அதே புள்ளியில் மரப்பு ஊசி. வலி கணிசமாகக் குறைந்தால் நோய் உறுதியாகிறது. பலருக்கு ஊசியே மருந்தாகிவிடும். சில தடவை போட்டதும் வலி அடங்கிவிடுகிறது. யோக்கஹாமா ஆய்வில் 113 பேரில் கடைசியில் கத்திவரை போனவர்கள் 19 பேர்தான். ஊசியின் பலன் நிலைக்காமல் வலி திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குத்தான் அறுவை.

அறுவையும் எளியதுதான். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிறார்கள். இடுப்பெலும்பின் விளிம்பை ஒட்டிச் சில சென்டிமீட்டர் கீறி, நுண்ணோக்கியின் கீழே தசையுறையைத் திறந்து, நரம்பு நுழையும் துளையைத் தேடிப் போவார்கள். இறுக்கும் நாரை வெட்டி, நரம்பு தடையில்லாமல் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். இது உணர்ச்சி நரம்பு மட்டுமே. தசையை இயக்கும் வேலை அதற்கு இல்லை என்பதால் கால் விழுந்துபோகும் பயம் இல்லை. முதுகெலும்புக் கால்வாயைத் தொடுவதும் இல்லை. ராட், ஸ்குரூ வைத்து முதுகெலும்பை இணைக்கும் பெரிய அறுவையோடு ஒப்பிட்டால் ஆபத்து மிகக் குறைவு. அப்படி இணைத்த பிறகும் வலி போகாத சிலருக்குக் காரணம் இந்த நரம்புதான் என்றும் ஜப்பானியக் குழு எழுதியிருக்கிறது.

மற்ற அறுவைகளில் இல்லாத ஒரு வாய்ப்பு இந்த நோயாளிக்கு உண்டு. வழக்கமாக அறுவைக்குச் சம்மதிப்பவர் மருத்துவரின் சொல்லை நம்பித்தான் கையெழுத்திடுகிறார். வலி போனபின் உடல் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. இங்கே ஊசி அதைச் சில மணி நேரமாவது காட்டிவிடுகிறது. கடையில் கொஞ்சம் வாயில் போட்டு ருசி பார்த்தபின் வாங்குவதைப் போல, நோயாளி பலனை முன்கூட்டியே தன் உடலில் உணர்ந்துவிடுகிறார். அவருடைய எதிர்பார்ப்பு அப்போது உருவாகிறது. பின்னால் அறுவையின் பலனை அவர் ஒப்பிடுவது அந்தச் சில மணி நேரத்தோடுதான்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. ஒரு தடவை ஊசி பலித்ததை வைத்து முடிவு செய்வது நம்பகமானதல்ல. முதுகெலும்பின் ஃபேசட் மூட்டுகளில் செய்த 1994ஆம் ஆண்டு ஆய்வொன்றில், முதல் ஊசிக்கு வலி குறைந்ததாகச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோரிடம் இரண்டாவது சோதனை ஊசி அதை உறுதிசெய்யவில்லை. ஊசி என்ற நிகழ்ச்சியே வலியைக் குறைக்கும். குளூனியல் நரம்புக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஒரே ஊசியை நம்பிக் கத்தியை எடுத்தால், நோயாளியின் எதிர்பார்ப்பும் தவறான இடத்தில் ஊன்றிவிடும்.

அளவுகோல்கள் அளப்பதும் விடுவதும்

வலியை 0 முதல் 10 வரை எண்ணால் கேட்பது ஒரு முறை. 1983இல் வந்த ரோலண்ட்-மோரிஸ் படிவத்தில் 24 வாக்கியங்கள். காலுறை போடச் சிரமப்படுகிறீர்களா, மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறீர்களா, வீட்டாரிடம் வழக்கத்தைவிட எரிந்துவிழுகிறீர்களா என்கிற ரீதியில் அன்றாட வாழ்வுக்குள் அது நுழைகிறது. 1980இல் வந்த ஆஸ்வெஸ்ட்ரி படிவத்தில் 10 பிரிவுகள். உட்காருதல், நிற்றல், தூக்கம், பயணம், தாம்பத்திய உறவு வரை கேட்கும். கடைசியில் சொன்ன கேள்வியைப் பலர் நிரப்பாமல் விடுவது ஆய்வாளர்களுக்குப் பழகிய விஷயம்.

இந்தப் படிவங்கள் பிரிட்டனில் பிறந்தவை. நாற்காலியில் உட்கார முடிகிறதா என்று ஆஸ்வெஸ்ட்ரி கேட்கும், சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா என்று கேட்காது. பந்தியில் இலைமுன் உட்காருவது, குந்திக் கழிப்பறைக்குப் போவது, குடத்தை இடுப்பில் வைப்பது எதுவும் அதில் இல்லை. இடுப்பெலும்பின் விளிம்பில் நரம்பு இறுகிய ஒரு பெண்ணுக்கு, குடம் உட்காரும் இடமும் வலி கிளம்பும் இடமும் ஒன்றாகவே இருக்கலாம். அவருக்கு மதிப்பெண் நன்றாக வந்தும் திருப்தி இல்லாமல் போகலாம். மதிப்பெண் சுமாராக இருந்தும் குடம் தூக்க முடிந்ததால் மனம் குளிரலாம்.

மதிப்பெண்ணில் எவ்வளவு மாற்றம் வந்தால் நோயாளிக்கு அது உறைக்கும் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. இடுப்பு வலியில் தொடக்க அளவிலிருந்து 30 விழுக்காடு குறைந்தால் அதை உருப்படியான முன்னேற்றமாகக் கொள்ளலாம் என்று 2008இல் ஒரு பன்னாட்டு அறிஞர் குழு பரிந்துரைத்தது. ஆனால் முன்னேற்றம் வேறு, நல்ல நிலைமை வேறு. வலி 9இலிருந்து 5க்கு இறங்கியவர் நான்கு படி இறங்கியிருக்கிறார், ஆனாலும் இன்னும் 5இல்தான் வாழ்கிறார். 5இலிருந்து 2க்கு இறங்கியவர் மூன்று படிதான் இறங்கினார், ஆனால் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார். இருவரில் யார் திருப்தி? பிரெஞ்சு ஆய்வாளர் டூபாக் 2005இல் மூட்டுத் தேய்மான நோயாளிகளிடம் இதே கேள்வியை எழுப்பி, நோயாளி ஏற்றுக்கொள்ளக்கூடிய நிலை என்ற அளவை வகுத்தார். எவ்வளவு குறைந்தது என்பதோடு, எங்கே வந்து நின்றது என்பதையும் கேட்கவேண்டும் என்பதே அதன் சாரம்.

திருப்தி எங்கிருந்து ஊறுகிறது

முதல் ஊற்று எதிர்பார்ப்பு. சூரிச் நகரின் ஷுல்தஸ் மருத்துவமனையில் ஆன் மேனியனும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. முதுகெலும்பு அறுவைக்கு வந்த பலர் நடக்கக்கூடியதைவிட அதிகமாக எதிர்பார்த்தார்கள். முடிவை நோயாளி எப்படி மதிப்பிடுகிறார் என்பது, எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்பதோடு நெருங்கிப் பிணைந்திருந்தது. ஒரே பலன் ஒருவருக்கு வரமாகவும் இன்னொருவருக்கு ஏமாற்றமாகவும் ஆவது இப்படித்தான்.

இரண்டாவது, நம்பப்படுதல். இந்த நோயாளிகள் பலர் நெடுங்காலம் அலைந்தவர்கள். எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான் என்று கேட்டவர்கள். அல்லது டிஸ்க் என்று சொல்லப்பட்டு, அதற்கான சிகிச்சை பலிக்காமல் போனவர்கள். மருத்துவர் ஒருவரின் கட்டைவிரல் சரியான புள்ளியில் ஊன்றி, 'இதானே உங்க வலி?' என்று கேட்கும் கணத்தில், கத்தி படும் முன்னரே பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது. குடும்பத்தின் பார்வையும் மாறுகிறது. சோம்பேறி, சாக்குச் சொல்கிறவர் என்ற பேச்சு அடங்குகிறது. திருப்திப் படிவம் இந்த நிம்மதியையும் சேர்த்தே எண்ணும், தனியாகப் பிரித்துக் காட்டாது.

மூன்றாவது, மரியாதை. அறுவை செய்த மருத்துவரே எதிரில் உட்கார்ந்து, 'இப்ப எப்படிம்மா இருக்கு?' என்று கேட்டால், 'உங்க புண்ணியத்துல தேவலைங்க டாக்டர்' என்றுதான் பதில் வரும். வலியை மருத்துவரிடம் சொல்ல மனம் வராது. வெளியே வந்து மகளிடம் சொல்வார். ஆகவே கேட்பது யார் என்பதும் பதிலின் ஒரு பகுதி.

நான்காவது, நினைவு. வலியின் உச்சமும் அது முடிந்த விதமும்தான் நினைவில் அதிகம் தங்குகின்றன என்று டேனியல் கானமனும் டொனால்ட் ரெடல்மையரும் 1996இல் குடல் உள்நோக்குச் சோதனை செய்துகொண்டவர்களிடம் காட்டினார்கள். அறுவைக்கு முன் வலி எவ்வளவு இருந்தது என்று ஓராண்டு கழித்துக் கேட்டால் வரும் விடையில் நினைவின் கைவரிசையும் கலந்திருக்கும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மக்கள் அறுவைக்கு வருவது வலி உச்சத்தில் இருக்கும்போது. எதுவும் செய்யாமல் விட்டாலும் உச்சத்திலிருந்து வலி சற்று இறங்கக்கூடும். அந்த இறக்கமும் அறுவையின் கணக்கில் வரவு வைக்கப்படும்.

திருப்தி இல்லாமல் போவதற்கும் இந்த நரம்புக்கே உரிய காரணங்கள் உண்டு. மேல் குளூனியல் நரம்பு பல கிளைகளாக வருகிறது. ஒன்றை விடுவித்து இன்னொன்றைத் தவறவிட்டால் வலி மிச்சமிருக்கும். மேல் நரம்பு அடங்கியபின் நடு நரம்பின் வலி வெளியே தெரியலாம். ஒரு பக்கம் குணமானதும் மறுபக்கத்து வலி உறைக்கலாம். சிலருக்குப் பிட்டத்தில் ஒரு கை அளவு இடம் மரத்துப்போகும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்கள், சொல்லாவிட்டால் அறுவையில் ஏதோ தவறு நடந்ததாக நினைப்பார்கள். முதுகெலும்பிலும் கோளாறு இருக்கிறவருக்கு நரம்பை விடுவித்தாலும் முழு வலியும் போகாது. யோக்கஹாமாவில் அறுவை செய்துகொண்ட 19 பேரில், கால் தொல்லை முழுமையாகவோ அநேகமாக முழுமையாகவோ நீங்கியது 5 பேருக்குத்தான். இடுப்பு வலி குறையும் என்று வந்தவரையும், கால் வலி அடியோடு போகும் என்று வந்தவரையும் இந்த ஒரே பலன் எதிரெதிர்த் திசையில் தள்ளும்.

திருப்தி எதற்குச் சாட்சி

அப்படியானால் திருப்தியைக் கேட்பதே வீணா? இல்லை. ஆனால் அதன்மேல் சுமத்தப்படும் பாரம் அதிகம். அமெரிக்காவில் 2012 அக்டோபர் முதல் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம், மருத்துவமனைகளுக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதியை நோயாளிகளின் அனுபவக் கருத்துக்கணிப்போடு இணைத்தது. அதே ஆண்டில் ஃபென்டன் குழு 51,946 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வு பலரைத் துணுக்குறச் செய்தது. மிக அதிகத் திருப்தி தெரிவித்தவர்களுக்கு மருத்துவச் செலவு அதிகமாக இருந்தது, இறப்பு விகிதமும் அதிகமாக இருந்தது. திருப்தியே ஆளைக் கொன்றது என்று இதற்குப் பொருளல்ல. கேட்டதையெல்லாம் தரும் மருத்துவம் நல்ல மருத்துவமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, அவ்வளவுதான். 2013இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக முதுகெலும்பு ஆய்வாளர்கள் நேரடியாகவே சொன்னார்கள்: நோயாளியின் திருப்தியை வைத்து அறுவையின் பலனையும் பாதுகாப்பையும் தீர்மானிக்க முடியாது.

குளூனியல் நரம்பு அறுவை குறித்து வெளிவந்தவற்றில் பெரும்பாலானவை ஒப்பீட்டுக் குழு இல்லாத நோயாளித் தொகுப்புகள். இது சிறிய அறுவை, ஆபத்து குறைவு, நெடுநாள் அலைச்சலுக்கு ஒரு பெயரும் கிடைக்கிறது. இப்படிப்பட்ட அறுவையில் திருப்தி, சான்றுகளை முந்திக்கொண்டு ஓடுவது இயல்பு. 2002இல் ஹூஸ்டனில் மோஸ்லி குழு முழங்கால் தேய்மானம் உள்ள 180 பேரிடம் செய்த சோதனையை இங்கே நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. தோலைக் கீறியதோடு நிறுத்திய போலி அறுவையும், உண்மையான உள்நோக்கி அறுவையும் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தந்தன. குளூனியல் அறுவையும் அப்படித்தான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. திருப்தியை மட்டும் காட்டி, அப்படி இல்லை என்று நிறுவவும் முடியாது.

செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. அறுவைக்கு முன்பே நோயாளி, தனக்கு எது முடியவேண்டும் என்று ஒன்றையாவது சொல்லவேண்டும், அது அவருடைய சொல்லிலேயே பதிவாகவேண்டும். எவ்வளவு வலி மிச்சமிருந்தால் தாங்கிக்கொள்வார் என்பதையும் அப்போதே கேட்டு வைக்கவேண்டும். ஊசியை ஒரு தடவையோடு நிறுத்தாமல், ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி நேரம் என்ன பலன் தந்தது என்று குறிக்கவேண்டும். மரத்துப்போகலாம், மறுபக்கம் வலிக்கலாம், இன்னொரு கிளை மிச்சமிருக்கலாம் என்பதை முன்னதாகச் சொல்லவேண்டும். பின்னால் கேட்பவர் அறுவை செய்தவராக இருக்கக்கூடாது. தொடர்பு விட்டுப்போனவர்களையும் தேடிப்பிடித்துக் கேட்கவேண்டும். குணமானவர் வராமல் இருப்பார், வெறுத்துப்போனவரும் வேறு மருத்துவரைத் தேடிப் போயிருப்பார். ஆய்வேட்டில் நான்கு பதில்களையும் தனித்தனியாக அச்சிடவேண்டும்.

மருத்துவர் சொன்னதும் உடல் கண்டதும் ஒத்துப்போயினவா என்பதற்கு நோயாளியின் திருப்தியே முதல் சாட்சி. நரம்பை விடுவித்ததால்தான் வலி போயிற்றா என்பதற்கு அது சாட்சியாகாது. முதல் கேள்வியை நோயாளியிடமும் இரண்டாவதை ஒப்பீட்டுக் குழு உள்ள ஆய்வுகளிடமும் கேட்கவேண்டும். ஒன்றின் விடையை மற்றதன் கட்டத்தில் நிரப்பினால், ஏமாறுவது அடுத்து அறுவைக்கு வரும் நோயாளிதான்.